ஊருணிக் கரை வீடு: பத்திரம் எங்களிடம், பதிவேட்டில் புறம்போக்கு

கேள்வி – மேலவீதிப் பேரன்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. பங்காளிகள் பலர் இத்தளத்தைப் படிப்பவர்கள் என்பதால் ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். முகப்பு தெற்கே வீதியைப் பார்த்தது. வளவு (நடுமுற்றம் உள்ள கட்டு), இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் கடந்து பின்வாசலைத் திறந்தால் ஒரு தோட்டம். தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஊருணி. தோட்டம் மட்டும் சுமார் 17 சென்ட் வரும்.

இந்த இடத்தை எங்கள் பாட்டையா 1921 இல் கிரயம் வாங்கினார். ஊருணியைத் தம் செலவில் ஆழப்படுத்தி, செம்பராங்கல்லில் படித்துறை கட்டியதும் அவரே. ‘தர்மம்’ என்று தொடங்கும் கல்வெட்டு ஒன்று அவர் பெயருடன் படித்துறையில் இன்றும் இருக்கிறது. அப்பத்தா காலம் வரை ஊர் முழுவதும் அந்த ஊருணியில்தான் குடிதண்ணீர் எடுத்தது.

சென்ற மாதம், வீட்டைப் பழுதுபார்த்து வெளியூர்ப் பயணிகள் தங்கும் விடுதியாக மாற்றும் எண்ணத்துடன் பட்டா விவரங்களைத் திரட்டியபோதுதான் சிக்கல் தெரிந்தது. வீட்டு மனைக்கு நத்தம் பட்டா, அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்துக்கான பட்டா, இருக்கிறது. அது தாத்தா பெயரிலேயே நிற்கிறது. தோட்டத்துக்குப் பட்டாவே இல்லை. கிராம நிலங்களின் விவரம் எழுதிய அ பதிவேட்டில் அந்தப் பகுதி ஊருணியின் சர்வே எண்ணுக்குள் சேர்ந்து ‘ஊருணிப் புறம்போக்கு’ என்று காட்டப்பட்டிருக்கிறது. இதற்கிடையில், வடகரைச் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்றும், ஊருணியைச் சுற்றி நடைபாதை போடப் போகிறார்கள் என்றும் ஊரில் பேச்சு அடிபடுகிறது. எழுத்து மூலமாக இதுவரை எதுவும் வரவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை இவை. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் அனுபவத்தில் இருக்கும் தோட்டத்தை அரசு எடுத்துக்கொள்ள முடியுமா? எடுத்தால் இழப்பீடு உண்டா? ஊருணியைச் சீர்செய்து கொடுத்தவர் எங்கள் பாட்டையா என்பதால் அதன் கரையிலும் தண்ணீரிலும் எங்களுக்கென்று தனி உரிமை ஏதேனும் உண்டா? பங்காளிகளில் ஒருவர், ‘யாரிடமும் கேட்காதே, கேட்டால்தான் வினை’ என்கிறார். அது சரியாகுமா என்றும் சொல்லுங்கள்.

பதில் – பழைய சங்கிலி

ஐயா, நான் நில அளவைப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். சட்டம் பேசத் தெரிந்தவர்கள் பின்னால் வருவார்கள். அளவையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் 1921 ஆம் ஆண்டுப் பத்திரத்தை எடுத்து நான்கெல்லைகளைப் படியுங்கள். நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் சர்வே எண் இருக்காது, அல்லது இருந்தாலும் இன்றைய எண்ணோடு ஒட்டாது. ஆனால் எல்லையும் அடிக்கணக்கும் இருக்கும். வடக்கெல்லையில் ‘ஊருணித் தென்கரைக்குத் தெற்கு’ என்று எழுதியிருந்தால், கரை உங்கள் சொத்துக்கு வெளியே நிற்கிறது என்று பொருள். ‘ஊருணிக்குத் தெற்கு’ என்று மட்டும் இருந்தால், கரை யாருடையது என்ற கேள்வி திறந்தே கிடக்கிறது. ‘கரை உள்பட’ என்று இருந்தால் கதை வேறு. அப்படி எழுதிய பத்திரத்தை நான் பார்த்ததில்லை. பிறகு ‘கிழமேலடி’, ‘தென்வடலடி’ என்று இரண்டு எண்கள் இருக்கும். வீதியிலிருந்து நாடாவைப் பிடித்து வடக்கே அந்தத் தென்வடலடி எங்கே முடிகிறது என்று நீங்களே அளந்து பாருங்கள். அலுவலகத்துக்குப் போகும் முன்னே பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

அடுத்தது, தோட்டம் எப்படிப் புறம்போக்கு ஆனது என்பது. சிவகங்கை, இராமநாதபுரம் ஜமீன் கிராமங்களில், 1948 ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே ரயத்துவாரி நிலவரித் திட்டம், அதாவது நிலமுடையவரிடம் அரசே நேரடியாக வரி வாங்கும் முறைக்கான அளவையும் பதிவும், நடந்தது. அப்போது தயாரித்த செட்டில்மெண்ட் பதிவேடு ஒன்று உண்டு. அதற்கு மேல் 1980களில் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் வந்தது. இதைத்தான் எல்லோரும் யூடிஆர் என்கிறோம். இன்று கணினியில் நீங்கள் பார்க்கும் அ பதிவேடு யூடிஆர் பதிவின் வழித்தோன்றல். அந்தத் திட்டத்தில் பிழைகள் ஏராளம். வீடு பூட்டிக் கிடந்தால், விசாரணைக்கு வந்தவர் யாரையும் காணாமல், பக்கத்துப் புறம்போக்கோடு சேர்த்து ஒரே கோடாக இழுத்துவிட்டுப் போனதும் உண்டு. உடையவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, இங்கே கோடு போடப்பட்டது. செட்டிநாட்டு ஊர்களில் இந்தக் கோளாறு அதிகம். நத்தம் நிலவரித் திட்டத்திலும் இதே நிலைதான். தற்காலிகமான தோராயப் பட்டா கொடுத்து ஆட்சேபம் கேட்டபோது சொல்ல ஆளில்லாததால் அப்படியே இறுதியான தூய பட்டாவாகிவிட்ட இடங்கள் பல.

ஆகவே மூன்று ஆவணங்களைச் சான்றிட்ட நகலாகக் கேட்டு வாங்குங்கள்: யூடிஆருக்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் பகுதி, பழைய புலப்படம் (நில அளவை வரைபடம்), பழைய எண்ணுக்குப் புதிய எண் காட்டும் ஒப்பீட்டுப் பதிவேடு. பழைய புலப்படம் லிங்க் கணக்கில் இருக்கும். 100 லிங்க் 66 அடி. புதியது மீட்டர் கணக்கு. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். பழைய படத்தில் உங்கள் தோட்டத்துக்குத் தனி உட்பிரிவு இருந்து, புதியதில் அது மறைந்திருந்தால், அது திருத்தத்தக்க யூடிஆர் பிழை. மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனு கொடுக்கலாம். பழைய படத்திலும் ஊருணிக்குள்தான் இருக்கிறது என்றால், ஐயா, நீங்கள் வழக்கறிஞரைப் பார்ப்பதற்கு முன் மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

‘கேட்காதே’ என்ற பங்காளிக்கு ஒரு வார்த்தை. கேட்காமல் இருந்ததால்தான் கோடு இப்படி விழுந்திருக்கிறது.

பதில் – மதுரைக்கிளை வழக்கறிஞர்

மேலே எழுதிய ஐயா அடித்தளத்தைச் சரியாகப் போட்டுவிட்டார். நான் சட்டத்தைச் சொல்கிறேன். உங்கள் கேள்வியில் ‘எடுத்துக்கொள்வது’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு காரியங்கள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தால்தான் பயம் எதற்கு, எதற்கு இல்லை என்பது விளங்கும்.

உங்கள் நிலம் உங்களுடையது என்று ஒப்புக்கொண்டு, பொதுக் காரியத்துக்காக விலை கொடுத்து வாங்குவது கையகப்படுத்துதல். உங்கள் நிலம் உங்களுடையதே அல்ல, அரசு நிலத்தில் நீங்கள் குடியிருக்கிறீர்கள் என்று சொல்லி வெளியேற்றுவது ஆக்கிரமிப்பு அகற்றுதல். நீர்நிலை ஓரத்தில் சொத்து வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் முதலாவதற்கு அஞ்சுகிறார்கள். அவர்களுக்கு ஆபத்து இரண்டாவதிலிருந்துதான் வருகிறது.

சொத்துரிமை இப்போது அடிப்படை உரிமை அல்ல. 1978 ஆம் ஆண்டு 44 ஆவது திருத்தம் அதை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் அரசியலமைப்பின் 300ஏ பிரிவு, சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கக்கூடாது என்கிறது. 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை விரித்துரைத்தது: முன்னறிவிப்பு, ஆட்சேபத்தைக் கேட்டல், காரணம் சொல்லும் முடிவு, பொது நோக்கம், நியாயமான இழப்பீடு, காலத்தோடு நடக்கும் நடைமுறை, அந்த நடைமுறை முறைப்படி முடிவுக்கு வருதல் என ஏழும் சொத்துரிமைக்குள் அடங்கியவை என்றது. இமாசலப் பிரதேசத்தில் 1967 இல் சாலை போடுவதற்காக ஒரு பெண்ணின் நிலத்தை எந்த நடவடிக்கையும் இன்றி எடுத்துக்கொண்ட அரசு, பல்லாண்டு கழித்து ‘எங்கள் அனுபவத்தில் இருப்பதால் எங்களுக்கே சொந்தம்’ என்று வாதாடியதையும் உச்ச நீதிமன்றம் 2020 இல் நிராகரித்தது. குடிமகன் நிலத்தின்மேல் எதிர் அனுபவ உரிமையை அரசு கோர முடியாது என்பது அந்தத் தீர்ப்பு.

கையகப்படுத்துதல் என்றால் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்குப்படிதான் இழப்பீடு. உதாரணமாக, நிலத்தின் சந்தை மதிப்பு 10 லட்சம், கிராமப்புறப் பெருக்கல் காரணி 1.25 என்று வைத்துக்கொண்டால், அது 12.5 லட்சம். கட்டடம், மரங்களின் மதிப்பு 7.5 லட்சம் என்றால் கூட்டுத்தொகை 20 லட்சம். அதற்கு நூறு விழுக்காடு ஆறுதல் தொகை சேர்ந்து 40 லட்சம். இதற்கு மேல் சந்தை மதிப்பின்மீது ஆண்டுக்கு 12 விழுக்காடு தனி. பழைய 1894 சட்டத்தில் ஆறுதல் தொகை 30 விழுக்காடாக இருந்தது. கட்டடத்தை மதிப்பிடத் தகுதியுள்ள பொறியாளரின் உதவியை ஆட்சியர் பெறலாம் என்று சட்டமே சொல்வதால், பர்மாத் தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் சாதாரண மரம், சாதாரணத் தளம் என்று கணக்கெழுதினால் அப்படியே விட்டுவிடாதீர்கள்.

இதில் நாமே நமக்கு வைத்துக்கொள்ளும் ஆப்பு ஒன்று உண்டு. சந்தை மதிப்பை, அரசின் வழிகாட்டி மதிப்பு அல்லது சுற்றுவட்டாரத்தில் முந்தைய மூன்றாண்டுகளில் பதிவான கிரயங்களுள் உயர்ந்த பாதியின் சராசரி ஆகியவற்றில் எது அதிகமோ அதை வைத்து எடுப்பார்கள். முத்திரைத்தீர்வைக்கு அஞ்சி ஊர் முழுவதும் விலையைக் குறைத்துப் பத்திரம் எழுதியிருந்தால், இழப்பீட்டு நாளில் அந்தக் குறைந்த விலையே சாட்சியாக வந்து நிற்கும்.

வடகரைச் சாலை மாநில நெடுஞ்சாலை என்றால் 2001 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ் எடுக்க வாய்ப்பு அதிகம். அதில் சமூகத் தாக்க மதிப்பீடு கிடையாது. இதையும் இதுபோன்ற மாநிலச் சட்டங்களையும் 2019 இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் மீட்புச் சட்டம் இயற்றியது. 2021 இல் உச்ச நீதிமன்றம் அந்த மீட்புச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. எந்தச் சட்டத்தின் கீழ் அறிவிப்பு வருகிறது என்பதை முதல் வரியிலேயே பாருங்கள். ஆட்சேபத்துக்கான கெடு அதைப் பொறுத்து மாறும்.

இரண்டாவதற்கு வருகிறேன். ஆக்கிரமிப்பு என்று தீர்மானமாகிவிட்டால், மேலே போட்ட கணக்கில் நிலத்துக்கு ஒரு ரூபாயும் கிடையாது. நீர்நிலை விஷயத்தில் நீதிமன்றங்கள் இரக்கம் காட்டுவதில்லை; குளங்களை மீட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 இலும், பஞ்சாப் வழக்கு ஒன்றில் இன்னும் கடுமையாக 2011 இலும் சொல்லிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2015 இல், நீர்நிலை ஆக்கிரமிப்பை வரன்முறைப்படுத்திப் பட்டா தருவதற்கு இடமில்லை என்றது. எனவே ‘நூறாண்டு அனுபவம்’ என்ற வாதத்தை நீங்கள் முன்வைத்தால் அது உங்களுக்கு எதிராகவே திரும்பும். அனுபவத்தை வாதமாக்குவது, நிலம் அரசுடையது என்பதை ஒப்புக்கொள்வது போன்றது. உங்கள் வாதம் 1921 ஆம் ஆண்டுக் கிரயத்தின்மேல் நிற்க வேண்டும். வரி ரசீதும் அனுபவமும் அதற்குத் துணை.

ஊருணிக்கு 1905 ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் பொருந்தும். அதில் 7 ஆவது பிரிவின் கீழ் முதலில் விளக்கம் கேட்டு அறிவிப்பு தர வேண்டும். விளக்கத்தைக் கேட்ட பிறகே 6 ஆவது பிரிவின் கீழ் வெளியேற்றும் உத்தரவு. அறிவிப்பு இன்றி இயந்திரத்தைக் கொண்டுவந்தால் உயர் நீதிமன்றத்தில் தடை கிடைக்கும். ஆனால் அது நடைமுறைக்குக் கிடைக்கும் தடை, உரிமைக்குக் கிடைக்கும் தீர்ப்பு ஆகாது. உரிமையை நிலைநாட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை வழக்கு, அதாவது நிலம் உங்களுடையது என்று அறிவிக்கக் கோரும் வழக்கு, போட வேண்டும். அரசுக்கு எதிரான வழக்கு என்பதால் இரண்டு மாத முன்னறிவிப்பு தேவை. பூட்டிய வீட்டின் கதவில் ஒட்டிவிட்டுப் போனாலும் அறிவிப்பு சேர்ந்ததாகவே கொள்ளப்படலாம். நீங்கள் உடனே செய்ய வேண்டியது வாரத்துக்கு ஒருமுறை அந்தக் கதவைப் பார்க்க ஓர் ஆளை வைப்பது.

கரையும் தண்ணீரும் பற்றிய கேள்விக்கு விடை சுருக்கமானது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் பொருந்திய கிராமங்களில் பொது நீர்நிலைகள் ஜமீனோடு சேர்ந்து அரசிடம் வந்துவிட்டன. நீர்நிலைகளின் தண்ணீரைத் தேக்கவும் பகிரவும் அரசுக்கு உள்ள அதிகாரத்தை 1882 ஆம் ஆண்டு அனுபோக உரிமைச் சட்டம் தொடக்கத்திலேயே விலக்கிக் காப்பாற்றுகிறது. படித்துறைக் கல்லில் ‘தர்மம்’ என்று இருப்பது, உங்கள் பாட்டையா அதை ஊருக்குக் கொடுத்துவிட்டார் என்பதற்கு நல்ல சாட்சியம். அரசு வழக்கறிஞர் அந்தக் கல்லைப் படம் எடுத்துத் தாக்கல் செய்தால் நான் வியப்படைய மாட்டேன். ஊரில் எல்லோரையும் போல இறங்கித் தண்ணீர் எடுக்கும் உரிமை உங்களுக்கும் உண்டு. விடுதி விருந்தினருக்கென்று கரையை அடைத்துக்கொள்ளும் உரிமை இல்லை.

பதில் – மடைக்கால் விவசாயி

நான் வழக்கறிஞருக்கு எதிராகப் பேச வரவில்லை. ஆனால் இந்த இழையில் இதுவரை எல்லோரும் சுவருக்கு உள்ளே நின்று பேசுகிறார்கள். வெளியே இருப்பவன் சார்பில் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் ஆறு கிடையாது. மழை பெய்து, வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கும் ஊருணிக்கும் வந்தால்தான் தண்ணீர். உங்கள் பாட்டையா காலத்து வீடுகளில் கூரைத் தண்ணீர் வளவில் விழுந்து, அங்கிருந்து வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும்படி கட்டியிருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது அந்த வாய்க்கால் திறந்திருக்கிறதா ஐயா? எங்கள் ஊரில் ஊருணியின் வரத்துக்கால் மூன்று இடங்களில் சுவருக்குள் போய்விட்டது. ஊருணி நிறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கண்மாய் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் பரப்பில், குடிசை போட்டிருந்தவர்களுக்கு ஒரே மாதத்தில் அறிவிப்பு வந்து, ஒரே நாளில் அகற்றப்பட்டது. அவர்களிடம் 1921 ஆம் ஆண்டுப் பத்திரம் எதுவும் இல்லை. அதே அளவையில் ஆக்கிரமிப்பு என்று புள்ளி வைத்திருந்த பெரிய மதில்கள் இன்னும் நிற்கின்றன.

அரசு எடுத்துவிடுமோ என்று நீங்கள் அஞ்சுகிறீர்கள். எடுக்க வேண்டியதை எடுக்கவில்லையே என்பது எங்கள் குறை. உங்கள் தோட்டம் உண்மையிலேயே பத்திரத்துக்குள் இருந்தால் அது உங்களுடையது. அதில் எங்களுக்கு எந்த வழக்கும் இல்லை. விடுதி தொடங்குவதாக இருந்தால், கழிவுநீர்த் தொட்டியை ஊருணிப் பக்கம் வைக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பதில் – கொண்டுவிற்ற வீட்டுப் பேரன்

ஐராவதி முகத்துவாரத்தில் எங்கள் ஐயாவின் தகப்பனார் வட்டிக்கடை வைத்திருந்தார். ஆற்றங்கரை ஓரமாக நெல் வயல்கள், படகு அணையும் துறையோடு ஒரு களஞ்சியம். பத்திரங்கள் இன்றும் எங்கள் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. ஆங்கிலத்திலும் பர்மிய மொழியிலும், முத்திரை கலையாமல். வழக்கறிஞர் ஐயா பத்திரத்தின்மேல் வைக்கும் நம்பிக்கையைப் படித்தபோது அந்தப் பெட்டி நினைவுக்கு வந்தது.

1930 ஆம் ஆண்டுப் பொருளாதார மந்தத்துக்கு முன், கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் சுமார் 6 விழுக்காடு செட்டியார்கள் கையில் இருந்தது. 1937 வாக்கில் அது கால் பங்காக ஏறிவிட்டது. கடனைக் கட்ட முடியாத குடியானவர்களின் நிலம் அப்படி வந்து சேர்ந்தது. அந்த நிலம் எங்கள் கைக்கு வந்த விதத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. போன விதத்தைப் பற்றி மட்டும் நிறையப் பேசுவார்கள். விடுதலை பெற்ற 1948 ஆம் ஆண்டிலேயே பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. 1963, 1964 ஆம் ஆண்டுகளில் வங்கியும் கடையும் அதே வழியில் போயின. எங்கள் குடும்பத்துக்கு இழப்பீடு என்று எதுவும் வந்து சேரவில்லை. பத்திரத்தில் ஓர் எழுத்துப் பிழை கிடையாது; சட்டம் மாறியது, அவ்வளவுதான்.

இங்கே 300ஏ இருக்கிறது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது, வாக்குரிமை இருக்கிறது. அங்கே நாங்கள் அயலார். இந்த வேறுபாட்டை நான் உணராதவன் அல்ல. ஆனாலும் கேள்வி கேட்டவரின் பங்காளி ‘கேட்காதே’ என்று சொல்வது வெறும் சோம்பலில் வருவதல்ல. அரசு அலுவலகத்தில் பெயர் தெரிந்தால் நிலம் போய்விடும் என்ற எண்ணம் நம் வீடுகளில் இரண்டு தலைமுறையாக ஊறிப்போனது. அந்த எண்ணத்தால்தான் தாத்தா பெயரில் இருக்கும் பட்டாவை யாரும் மாற்றுவதில்லை. உங்கள் வீட்டில் இன்று எத்தனை பங்கு என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் 28. கையகப்படுத்தினால் பணம் யாருக்கு என்பதில் தகராறு இருந்தால், அரசு தொகையை அதற்குரிய அதிகார அமைப்பில் கட்டிவிட்டு நிலத்தை எடுத்துக்கொண்டு போய்விடும்; 28 பேரும் அந்தத் தொகைக்காக ஒருவருக்கொருவர் வழக்காடிக்கொண்டிருக்கலாம்.

இடைக் கேள்வி – தொண்டிச் சாலை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தொண்டிக்குத் தெற்கே கடலோரத்தில் எங்களுக்குப் பட்டா நிலம் ஒன்று இருக்கிறது. அங்கேயும் இதே ஆபத்துத்தானா?

பதில் – மதுரைக்கிளை வழக்கறிஞர்

அங்கே வேறு வகை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை நிலத்தை எடுத்துக்கொள்வதில்லை. உங்களிடமே விட்டுவிட்டு, கட்டாதே என்கிறது. 2019 ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி, மக்கள் நெருக்கம் குறைந்த ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்கு இடமில்லாத பகுதி. எடுத்துக்கொள்ளாததால் இழப்பீடும் இல்லை. கேரளத்தில் மரடு அடுக்குமாடிகளின் உரிமையாளர்களிடம் பத்திரம் இருந்தது, வரி ரசீது இருந்தது; 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் கட்டடங்கள் தகர்க்கப்பட்டன. வாங்கியவர்களுக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் வரை கிடைத்ததும் நீதிமன்ற உத்தரவால்தான். மண்டல வரைபடத்தில் உங்கள் சர்வே எண் எந்தப் பிரிவில் வருகிறது என்று பார்த்துவிட்டுத் தனி இழையாகக் கேளுங்கள்.

மீண்டும் – மேலவீதிப் பேரன்

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன்.

பத்திரத்தை எடுத்தேன். வடக்கெல்லை ‘ஊருணித் தென்கரைக்குத் தெற்கு’ என்றுதான் இருக்கிறது. கிழமேலடி 84, தென்வடலடி 212. நானும் தம்பியும் வீதியிலிருந்து நாடாவைப் பிடித்து அளந்தோம். வீட்டுக்கு 124 அடி. மீதி 88 அடி தோட்டம். நான் சொன்ன 17 சென்ட் கணக்கு அதில் சரியாக வந்துவிட்டது. ஆனால் 212 ஆவது அடி முடிந்த இடத்தில் சுவர் இல்லை. சுவர் இன்னும் 9 அடி தள்ளி நிற்கிறது. இரண்டு இடங்களில் அளந்தோம்; இரண்டிலும் அதே 9 அடிதான்.

அந்தச் சுவரை 1990களில் என் அப்பா கட்டினார். கரை சரிகிறது என்று சொல்லித் தள்ளிக் கட்டியதாக அம்மா சொல்கிறார்கள். பழைய புலப்படத்தின் நகலும் கிடைத்துவிட்டது. அதில் எங்கள் தோட்டத்துக்குத் தனி உட்பிரிவு இருக்கிறது, வடகோடு 321 லிங்கில் நிற்கிறது. பழைய சங்கிலி ஐயா சொன்னபடி மாற்றிப் பார்த்தால் அது 212 அடிக்கு நெருக்கமாக வருகிறது. புதிய படத்தில் அந்தக் கோடு காணாமல் போயிருக்கிறது. ஆக, 17 சென்ட் விஷயத்தில் பதிவேடு தவறு; 9 அடி விஷயத்தில் நாங்கள் தவறு.

யூடிஆர் திருத்த மனுவை அடுத்த வாரம் மாவட்ட வருவாய் அலுவலரிடம் கொடுக்கிறோம். அதற்கு முன்பு சுவரைப் பிரித்து 212 அடிக்குள் கொண்டுவந்துவிடலாம் என்பது என் கருத்து. அளக்க வருபவர் முதலில் பார்ப்பது சுவரைத்தான், அதைப் பார்த்துவிட்டால் 17 சென்ட்டையும் அதே கண்ணால் பார்ப்பார். பங்காளிகளில் இருவர், ‘நாமே இடித்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாதா’ என்கிறார்கள். வழக்கறிஞர் ஐயா இதற்கு மட்டும் ஒரு பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

விவசாயி ஐயா கேட்ட வளவு வாய்க்காலையும் தேடிப் பார்த்தோம். அடுப்படிக்குப் பின்னால் சிமெண்ட் போட்டு மூடியிருந்தது. உடைத்துப் பார்த்ததில் கல் வாய்க்கால் கெடாமல் இருக்கிறது. சுவருக்கு அடியில் போய் நிற்கிறது.

பதில் – மதுரைக்கிளை வழக்கறிஞர்

இடியுங்கள். இடிக்கும் முன், இடித்த பின் என இரண்டு நாளும் தேதி தெரியும்படி படம் எடுத்து, ‘பத்திர அளவுக்கு உட்பட்டுச் சுவரை மாற்றி அமைத்துள்ளோம்’ என்று ஒரு வரியை மனுவிலேயே எழுதிவிடுங்கள். 9 அடியை விட்டுக்கொடுத்தவர் 88 அடியைக் கேட்கும்போது விசாரிக்கும் அலுவலர் காதுகொடுத்துக் கேட்பார். புதுச் சுவர் எழுப்பும்போது அந்த வாய்க்காலுக்கு வழி விட்டுக் கட்டுங்கள். எதிர்ப்பு மனு கொடுக்க நினைத்திருப்பவர் ஒருவராவது அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகலாம்.